பாட்டிலை விட்டு கெக்குக்கு மாறுகிறீர்களா? கேஸிலிருந்து தொடங்குங்கள்

வீட்டில் 19 லிட்டர் பீர் காய்ச்சினால் 330 மில்லி பாட்டில் சுமார் 58 வேண்டும். ஒவ்வொன்றையும் கழுவி, கிருமி நீக்கி, சர்க்கரை போட்டு, மூடி அழுத்தி, இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அதே பீருக்கு ஸ்டீல் கெக், அதாவது பீரை அழுத்தத்தில் அடைத்து வைத்து ஊற்றும் உருளைப் பாத்திரம், ஒன்று போதும். கழுவும் வேலை ஒரே பாத்திரத்தோடு முடிந்துவிடும்.

இதைக் கேட்டதும் எல்லோரும் முதலில் கெக்கைத் தேடித்தான் ஓடுகிறார்கள். எனக்குக் கிடைத்த ஆலோசனைகளும் கெக்கைப் பற்றியேதான் இருந்தன. உண்மையில் கெக்தான் இதில் சுலபமான பகுதி. அலைச்சல், காத்திருப்பு, வீண் செலவு எல்லாம் கேஸ் பக்கம்தான், அதாவது பீரில் கரைந்து அதை வெளியே தள்ளும் கார்பன் டை ஆக்சைடு பக்கம்தான் இருக்கிறது. கேஸ் சரியாக அமைந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக நடக்கும். அதனால் கீழே உள்ள படிகளில் கேஸுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. வாங்கும் முன் மூன்று விஷயங்கள்

முதலாவது, சட்டம். வீட்டில் பீர் காய்ச்சலாமா, ஆண்டுக்கு எவ்வளவு காய்ச்சலாம், உரிமம் வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு, சில நாடுகளில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பாட்டிலில் காய்ச்சும்போதே இதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் விருந்து வீட்டுக்குக் கெக்கைத் தூக்கிக்கொண்டு போவதற்கும், காசு வாங்கிக்கொண்டு ஊற்றுவதற்கும் விதிகள் வேறாக இருக்கலாம். வாடகை வீடு என்றால் கேஸ் சிலிண்டர் வைக்க ஒப்பந்தத்தில் தடை இருக்கிறதா என்றும் படித்துவிடுங்கள்.

இரண்டாவது, இடம். 19 லிட்டர் பால்-லாக் (ball-lock, இணைப்பி மாட்டும் முறையால் பெயர் பெற்ற வகை) கெக் சுமார் 63 செ.மீ. உயரம், 22 செ.மீ. அகலம். அதன் தலையில் மாட்டும் இணைப்பிகளுக்கு இன்னும் சில செ.மீ. தேவை. ஃபிரிட்ஜின் உள்ளளவை அளவு நாடா வைத்து அளந்துவிட்டு அப்புறம் வாங்குங்கள். பின்பக்கம் கீழே கம்ப்ரஸருக்காக மேடு இருக்கும். பலரும் அதைக் கணக்கில் எடுக்க மறந்துவிடுகிறார்கள். நிறைந்த கெக் 23 கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதால் கண்ணாடித் தட்டின் மேல் வைக்கக் கூடாது.

மூன்றாவது, பணம். பெரிய செலவு ஃபிரிட்ஜ். ஏற்கெனவே பழையது ஒன்று இருந்தால் அது மிச்சம். அடுத்து சிலிண்டரும் ரெகுலேட்டரும். கெக் அதற்குப் பிறகுதான். கண்ணில் படாமல் கூடிக்கொண்டே போவது சில்லறைச் சாமான்கள்: இணைப்பிகள், குழாய், கிளிப், ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்), பீர் ஊற்றும் டேப் (tap). பட்டியல் போடும்போது இவற்றுக்குத் தனியாக ஒரு வரி ஒதுக்குங்கள். ஒரு ஆறுதல் என்னவென்றால், இரண்டாவது கெக்குக்கு இவ்வளவு ஆகாது. கெக்கும், ஒரு ஜோடி இணைப்பியும், கொஞ்சம் குழாயும் வாங்கினால் போதும்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஈஸ்ட் போடும் நாளிலேயே சிலிண்டர் தேடத் தொடங்குங்கள். பீர் நொதித்து அடங்கச் சுமார் இரண்டு வாரம் ஆகும். கேஸ் வேலைக்கும் அவ்வளவு நாள் தேவைப்படும்.

2. சிலிண்டரும் அதன் காகிதங்களும்

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்கு மூன்று வழிகள் உண்டு: சொந்தமாக வாங்கி நிரப்புவது, டெபாசிட் கட்டி வாடகைக்கு எடுப்பது, காலியைக் கொடுத்து நிரம்பியதை வாங்கும் மாற்றுத் திட்டம்.

சொந்தமாக வாங்கினால் முதலில் பார்க்க வேண்டியது சிலிண்டரின் தோள்பட்டையில் பொறித்திருக்கும் சோதனைத் தேதி. அழுத்தச் சோதனை நடந்த மாதமும் ஆண்டும் அங்கே இருக்கும். பல நாடுகளில் 5 ஆண்டுக்கோ 10 ஆண்டுக்கோ ஒருமுறை இந்தச் சோதனை கட்டாயம். தேதி கடந்திருந்தால் நிரப்புகிறவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மலிவாகக் கிடைக்கும் பழைய சிலிண்டர்களில் பெரும்பாலும் இந்தச் சிக்கல்தான் ஒளிந்திருக்கும். சோதனைச் செலவையும் அதற்கு ஆகும் நாட்களையும் சேர்த்துப் பார்த்தால் புதிதே மேல் என்று தோன்றும்.

இன்னொரு பொறி, வேறு கம்பெனியின் பெயர் பொறித்த சிலிண்டர். அது வாடகைக்குப் போய்த் திரும்பாததாக இருக்கலாம். விற்றவர் எழுதிக் கொடுத்த ரசீது இல்லாமல் நிரப்பும் இடத்துக்குக் கொண்டுபோனால் கேள்வி வரும். அதனால் வாங்கிய ரசீது, சோதனைச் சான்றிதழ், வாடகை என்றால் டெபாசிட் ரசீதும் ஒப்பந்தமும் என எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, போனிலும் படம் எடுத்து வையுங்கள். டெபாசிட் ரசீது தொலைந்தால் பணம் திரும்புவது கஷ்டம். ஒப்பந்தத்தில் மாத வாடகையா, ஆண்டு வாடகையா, கடைசித் தேதிக்குப் பிறகு என்ன கட்டணம் என்ற பத்தியை மட்டுமாவது முழுசாகப் படியுங்கள்.

மாற்றுத் திட்டத்தில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பளபளவென்ற உங்கள் புதுச் சிலிண்டரைக் கொடுத்தால் கீறலும் துருவுமாக ஒன்று வரும், உங்களுடையது திரும்பாது. அந்த வழிதான் என்றால் முதலிலேயே அடிபட்ட பழையதை வாங்கிக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

கேஸ் உணவுத் தரமானதா என்று கேளுங்கள். ரசீதிலும் அப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள். தீயணைப்புச் சிலிண்டர் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். அதற்குள்ளே அடிவரை ஒரு குழாய் இறங்கியிருக்கும்; வால்வைத் திறந்தால் கேஸுக்குப் பதில் திரவம் வரும். ரெகுலேட்டர் பாழாகும், ஆபத்தும் கூட.

எவ்வளவு பெரியது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 19 லிட்டர் பீரில் வழக்கமான அளவு கேஸ் இருக்க வேண்டுமானால் அது சுமார் 93 கிராம். நொதித்தபோதே மூன்றில் ஒரு பங்கு பீரில் கரைந்திருக்கும். மீதியை ஏற்ற, கடைசிச் சொட்டு வரை வெளியே தள்ள, காற்றை விரட்ட என்று எல்லாம் சேர்த்து ஒரு கெக்குக்கு 200 கிராம் என்று வையுங்கள். அப்படியானால் 2.3 கிலோ சிலிண்டர் பத்து கெக்குக்குத் தாராளமாக வரும், கசிவு இல்லாவிட்டால். சிறிய 16 கிராம் குப்பிகள் வெளியூருக்குக் கெக்கை எடுத்துப் போகும்போது ஊற்றிக்கொடுக்க உதவும். அவற்றை வைத்துப் பீருக்குக் கேஸ் ஏற்றக் கிளம்பினால் கட்டுப்படியாகாது.

வண்டியில் கொண்டுவரும்போது சிலிண்டர் உருளாதபடி கட்டுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி விடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகவே கூடாது. பயன்படுத்தும்போது எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும்.

3. ரெகுலேட்டர்: இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்

கெக் பழசாக இருக்கலாம், ஃபிரிட்ஜ் பழசாக இருக்கலாம். ரெகுலேட்டர் மட்டும் புதிதாக இருக்கட்டும். 20 டிகிரி வெப்பத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் 800 பி.எஸ்.ஐ.க்கு (அழுத்தத்தை அளக்கும் அலகு) மேல். அதை 12-க்கு இறக்கித் தருவது இந்தக் கருவிதான்.

வாங்கும் முன் மரை பொருந்துமா என்று பாருங்கள். அமெரிக்காவில் சி.ஜி.ஏ. 320, ஐரோப்பாவின் பல நாடுகளில் டபிள்யூ 21.8 என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வகை. விலை குறைவு என்று வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சிலிண்டர் வாயில் ஏறவே ஏறாது. சில வகைகளில் நடுவே ஒரு தட்டையான வாஷர் தேவைப்படும். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகப் போட வேண்டும். கசிவு தொடங்கும் முதல் இடமே அதுதான். நான்கைந்து கையிருப்பில் இருக்கட்டும்.

பீர் திரும்பி ரெகுலேட்டருக்குள் ஏறாமல் தடுக்கும் ஒருவழி வால்வு கேஸ் பக்கம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இரண்டு முள் இருக்கும் ரெகுலேட்டர்களில் பெரிய எண் காட்டும் முள்ளை நம்பி எத்தனை கேஸ் மிச்சம் என்று கணக்கிட முடியாது. உள்ளே திரவம் இருக்கும்வரை முள் ஒரே இடத்தில் நிற்கும். திரவம் தீர்ந்ததும் சரசரவென்று இறங்கும். சிலிண்டரை ஃபிரிட்ஜுக்குள் வைத்தாலும் குளிர்ச்சியால் முள் 550 பக்கம் இறங்கிவிடும். பாதி கேஸ் போய்விட்டது என்று பதறுகிறவர்கள் நிறையப் பேர். எடை போடுவதுதான் ஒரே வழி. காலி எடை சிலிண்டரிலேயே பொறித்திருக்கும், தராசில் வைத்துக் கழித்துப் பாருங்கள்.

4. கெக்: பால்-லாக்கா, பின்-லாக்கா

இரண்டுமே குளிர்பானத்துக்காகச் செய்த துருப்பிடிக்காத எஃகுக் கெக்குகள். பால்-லாக் மெலிந்து உயர்ந்தது. பின்-லாக் குட்டையானது, கொஞ்சம் அகலம். உங்கள் பகுதியில் உதிரிப்பாகம் எதற்குச் சுலபமாகக் கிடைக்கிறதோ அதையே வாங்குங்கள். ஒன்றை முடிவு செய்தபின் கலக்காதீர்கள். இணைப்பிகள் வேறு வேறு.

பின்-லாக்கில் கேஸ் பக்கம் இரண்டு முளை, பீர் பக்கம் மூன்று. தவறாக மாட்ட முடியாது. பால்-லாக்கில் இரண்டு பக்கமும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். கேஸ் முனையின் அடிப்பாகத்தில் சின்னச் சின்ன வெட்டுக் குறிகள் இருக்கும், அதுதான் அடையாளம். கேஸ் இணைப்பி வெள்ளை அல்லது சாம்பல் நிறம், பீர் இணைப்பி கறுப்பு. மாற்றி அழுத்தினால் இறுகிக்கொண்டு, கழற்றுவதற்குள் பாதி நாள் போய்விடும். இலகுவாக உட்காரவில்லை என்றால் தவறான முனை என்று அர்த்தம்.

பழைய கெக் வாங்கும்போது கேஸ் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே குழிக்குழியாக அரிப்பு இருக்கிறதா பாருங்கள். வெளியே நசுங்கியிருந்தால் பரவாயில்லை. மூடி உட்காரும் வாய் விளிம்பு நெளிந்திருந்தால் வேண்டாம். மூடியில் இழுத்து விடும் வளையத்தோடு அழுத்தம் வெளியேற்றும் வால்வு இருந்தால் நல்லது. பல பின்-லாக் மூடிகளில் அது இருக்காது.

மதுக்கூடங்களில் இருக்கும் 30, 50 லிட்டர் பெரிய கெக்குகளின் பக்கம் போகாதீர்கள். டெபாசிட் கட்டினாலும் அவை பீர் நிறுவனத்துக்கே சொந்தம். அழுத்தம் இருக்கும்போது அதன் நடுத்தண்டைக் கழற்றினால் ஈட்டி போலப் பாயும்.

5. பிரித்து, கழுவி, ஓ-ரிங் மாற்றுங்கள்

எந்தக் கெக்கையும் திறப்பதற்கு முன் அழுத்தத்தை முழுவதும் வெளியேற்ற வேண்டும். இதில் விதிவிலக்கே இல்லை.

ஒரு கெக்கில் ஐந்து ஓ-ரிங்: மூடிக்கு ஒன்று, இரண்டு முனைக்கும் வெளியே ஒவ்வொன்று, உள்ளே இறங்கும் இரண்டு குழாய்க்கும் ஒவ்வொன்று. பழைய கெக் என்றால் ஐந்தையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுங்கள். பழைய ரப்பரில் கோலா வாசனை ஏறியிருக்கும். எத்தனை முறை கழுவினாலும் போகாது, பீரில் இறங்கும். மொத்தச் செலவில் இது ஒரு பொருட்டே இல்லை. மெல்லியதாக உணவுத் தர சிலிகான் மசகு தடவுங்கள். வாஸலின் வேண்டாம், ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

கழுவ, வெந்நீரில் சோடியம் பெர்கார்பனேட் கலந்த பவுடர் போதும். பிளீச்சிங் திரவம் எஃகை அரிக்கும், இரும்பு நார் கீறித் துருவை விதைக்கும். இரண்டையும் கெக் பக்கமே கொண்டுவராதீர்கள். நீளமான குழாயை மறக்காமல் மெல்லிய பிரஷ் விட்டுத் தேயுங்கள்.

6. பீர் ஊற்றும் முன் கசிவுச் சோதனை

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களின் சிலிண்டர்தான் ஒரே இரவில் காலியாகிறது. ஓர் இரவு ஒதுக்குங்கள், போதும்.

காலிக் கெக்கை மூடி, 30 பி.எஸ்.ஐ. கொடுங்கள். மூடியை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு கொடுத்தால் ஓ-ரிங் நன்றாக உட்காரும். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து மூடி, இரண்டு முனைகள், வால்வு, ரெகுலேட்டர் இணைப்பு, குழாய் கிளிப் ஒவ்வொன்றிலும் தெளியுங்கள். பெரிய கசிவு உடனே குமிழாகும். நுண்ணிய கசிவு அப்படிக் காட்டாது. ஓரிரு நிமிடம் கழித்து வெள்ளையாக, பொடிப்பொடியாக, சோற்றுக் கஞ்சி ஓரத்தில் கட்டுவது போல ஒரு நுரை திரளும். அதற்காகப் பொறுமையாக நின்று பார்க்க வேண்டும்.

அப்புறம் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, சிறிய எண் காட்டும் முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் அதே இடத்தில் இருந்தால் சரி. இதைக் காலிக் கெக்கில், அறை வெப்பத்தில்தான் செய்ய வேண்டும். உள்ளே பீர் இருந்தால் அது கேஸைக் குடிக்கும். குளிர்ந்தாலும் அழுத்தம் இறங்கும். இரண்டும் கசிவு போலவே தெரியும்.

கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கும். ஜன்னல் இல்லாத சின்ன அறையிலோ நிலவறையிலோ சிலிண்டர் வைக்கிறீர்கள் என்றால் ஒரு அலாரம் கருவி வாங்கித் தாழ்வாக மாட்டுங்கள். வேலை செய்யும் இடங்களில் எட்டு மணி நேரத்துக்கான வரம்பு பல நாடுகளில் 5,000 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்துக்கு 5,000 பங்கு)தான்.

7. பீரை கெக்குக்கு மாற்றுதல்

கழுவத் தேவையில்லாத அமிலக் கிருமிநீக்கியைக் கெக் நிறைய ஊற்றி மூடி, கேஸ் கொடுத்து, பீர் முனை வழியாக அத்தனையையும் வெளியே தள்ளுங்கள். இப்போது கெக்குக்குள் காற்று ஏறக்குறைய இல்லை, கேஸ் மட்டும்தான். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) மணம் தூக்கலான பீருக்கு இந்த வேலை நிச்சயம் வேண்டும். காற்று பட்டால் சில நாளில் நிறம் கறுத்து, அட்டை வாசனை வந்துவிடும்.

நொதிகலனிலிருந்து குழாயை நேராகப் பீர் முனையில் மாட்டி, கெக்கின் கேஸைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே கீழிருந்து நிரப்பலாம். அதற்கு வசதி இல்லாவிட்டால் மூடியைத் திறந்து, அடிவரை குழாய் விட்டு, சலசலப்பில்லாமல் இறக்குங்கள். பிறகு மூடி, கேஸ் கொடுத்து வால்வை இழுத்து விடுவதை ஏழெட்டு முறை செய்யுங்கள்.

கேஸ் பக்கத்துக் குட்டைக் குழாய்க்குக் கீழேயே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் நிரப்பினால் பீர் கேஸ் குழாயில் ஏறும்.

8. கேஸ் ஏற்றுதல்

அவசரம் இல்லையென்றால் கெக்கை 4 டிகிரியில் வைத்து, 12 பி.எஸ்.ஐ. கொடுத்து, கை வைக்காமல் விட்டுவிடுங்கள். பத்து நாள் முதல் இரண்டு வாரத்தில் சரியாக இருக்கும், தவறவே வாய்ப்பில்லை. குளிர்ச்சி முக்கியம். 20 டிகிரியில் அதே அளவு கேஸ் ஏற 28 பி.எஸ்.ஐ. வேண்டும்.

அவசரம் என்றால் குளிர்ந்த பீருக்கு 30 பி.எஸ்.ஐ. ஒரு நாள் கொடுத்து, பிறகு வால்வைத் திறந்து விட்டு, 12-க்கு இறக்குங்கள். கெக்கை உருட்டி ஆட்டும் முறையும் உண்டு. வேகமாக ஏறும், ஆனால் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் அதிகமாகிவிடும். வண்டலும் கலங்கும். எனக்கு அது பிடிப்பதில்லை. அதிகமாகிவிட்டால் கேஸ் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஒரு நாள் முழுக்க அவ்வப்போது வால்வை இழுத்து விடுங்கள்.

9. நுரை, நுரை, நுரை

புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேரின் கேள்வி இதுதான்: கிளாஸ் நிறைய நுரை, அடியில் இரண்டு விரல் பீர். பெரும்பாலும் காரணம் குழாயின் நீளம். 12 பி.எஸ்.ஐ.க்கு உள்விட்டம் 4.8 மி.மீ. உள்ள குழாய் சுமார் 3 மீட்டர் வேண்டும். கடையில் சேர்த்துத் தரும் ஒன்றரை மீட்டர் குழாய் போதாது. நீளமாக வாங்கிச் சுருட்டி வையுங்கள். மெதுவாக வந்தால் வெட்டிக் குறைக்கலாம், வெட்டியதை ஒட்ட முடியாது.

நுரை வருகிறதே என்று அழுத்தத்தைக் குறைப்பது பலர் செய்யும் வைத்தியம். அன்றைக்குச் சரியானது போலத் தெரியும். பீரில் கரைந்த கேஸ் பிரிந்து குழாயிலேயே குமிழாகி, அடுத்த நாள் நுரை இன்னும் கூடும். ஒரு வாரத்தில் பீர் சப்பென்று ஆகிவிடும்.

முதல் கிளாஸ் மட்டும் நுரைத்தால் டேப் சூடாக இருக்கிறது. அதையும் குளிர வையுங்கள். எல்லாக் கிளாஸும் நுரைத்தால் குழாய் குட்டை அல்லது கேஸ் அதிகம். ஊற்றும்போது குழாயில் இடைவிடாமல் சின்னக் குமிழிகள் ஓடினால் பீர் பக்கத்துக் குழாயின் ஓ-ரிங்கில் கேஸ் கலக்கிறது. டேப்பைப் பாதி திறந்து ஊற்றுவதும் நுரைக்கும். ஒரேயடியாக முழுசாகத் திறக்க வேண்டும்.

முதல் கிளாஸ் கலங்கலாக வரும், அது வண்டல். கொட்டிவிடலாம். அதன் பிறகு கெக்கை நகர்த்தாதீர்கள்.

ஃபிரிட்ஜில் டேப் பொருத்தத் துளை போடுவதாக இருந்தால் கதவில் போடுங்கள். பக்கச் சுவருக்குள் குளிரூட்டும் குழாய் ஓடலாம். ஒரு துளையில் ஃபிரிட்ஜே போய்விடும்.

10. கெக் காலியானதும்

அன்றைக்கே அழுத்தத்தை விட்டு, திறந்து, அலசிவிடுங்கள். காய்ந்த பிறகு இரண்டு மடங்கு வேலை. பீர் குழாயையும் டேப்பையும் ஒவ்வொரு கெக்குக்கும் ஒருமுறை கழுவுங்கள். புளிப்பு வாடைக்குக் காரணம் பெரும்பாலும் டேப்தான். நாள்படப் படியும் வெள்ளைக் கறைக்குக் காரப் பவுடர் போதாது, எப்போதாவது அமிலக் கழுவல் ஒன்று வேண்டும்.

கழுவி முடித்ததும் கொஞ்சம் கிருமிநீக்கியை உள்ளே விட்டு, 10 பி.எஸ்.ஐ. ஏற்றி மூடி வையுங்கள். தேதியை ஒட்டுநாடாவில் எழுதி ஒட்டுங்கள். அடுத்த முறை வால்வை இழுக்கும்போது உஸ்ஸென்று சத்தம் வந்தால் கெக் தயார். வராவிட்டால் மூடியின் ஓ-ரிங்கை மாற்றி, ஆறாவது படியை இன்னொரு முறை செய்துவிட்டு அப்புறம் பீரை ஊற்றுங்கள்.